ஆளைத் தேடிவிட்டுக் காரைத் தேடலாம்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குக் கார் என்றால் நினைவில் வருவது மூன்றே முகங்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் அம்பாசிடர், கலெக்டர் வருகைக்கும் அம்பாசிடர், திருப்பதிக்கு ஏழு பேர் நெருக்கிக்கொண்டு போவதற்கும் அதே அம்பாசிடர். டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் ஃபியட். கொஞ்சம் ரசனை உள்ளவர், அல்லது கொஞ்சம் பிடிவாதம் உள்ளவர் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர், வெயிலில் தொடையைச் சுடும் ரெக்ஸின் சீட்டு, காலையில் சோக்கை இழுத்துப் பிடித்து எஞ்சினைக் கெஞ்சுவது, மே மாதத்தில் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டுச் சாலையோரப் புளியமரத்தடியில் எல்லோரும் காத்திருப்பது: இவை தனியொருவரின் நினைவுகள் அல்ல, ஒரு தலைமுறையின் பொதுச் சொத்து. அந்தத் தலைமுறைக்கு இன்று கையில் கொஞ்சம் பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கின்றன. பழைய கார் ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றுகிறது. ஆசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆசையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் கார் பார்க்கக் கிளம்புவதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள் என்பது என் கட்சி. முதல் பழைய காரை வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது மெக்கானிக்கை. அவருக்கு எந்த வண்டி கைவந்ததோ அதுதான் மாடல். அந்த மாடலில் ஒரு நல்ல வண்டியைத் தேடுவது மூன்றாவது வேலை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கார் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் தார்ப்பாய்க்குள் போய்விடும்.

பழைய காருக்குப் பாகம் கிடைக்காது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பயம். எனக்கு அந்தப் பயம் குறைவு. புஷ், பின், தண்டு, கேஸ்கட் போன்றவற்றைச் செய்து கொடுக்க லேத் பட்டறைகள் இருக்கின்றன; கோயம்புத்தூரில் இதற்குப் பஞ்சமே கிடையாது. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பொறுமையாக அலைந்தால் பாதி ஊர் மறந்துபோன சாமான்கூட ஏதோ ஒரு பரண்மேலிருந்து இறங்கி வரும். சுலபத்தில் கிடைக்காதது கை. கார்பரேட்டர் வண்டி ஒரு தனி உலகம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டுக்கு இடைவெளி வைப்பது, வால்வைச் சத்தம் கேட்டே சரிசெய்வது, நான்கு டிரம் பிரேக்கும் ஒரே அளவு பிடிக்கும்படி திருகுவது, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைப் புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது, எல்லாமே காதிலும் விரல்நுனியிலும் இருக்கும் வித்தை. 2000-ஐ ஒட்டிப் புதுக் கார்களிலிருந்து கார்பரேட்டர் விடைபெற்றுவிட்டது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்த பையன் ஸ்கேனரைச் செருகிக் கோளாறைப் படிப்பதில் கெட்டிக்காரன். ஸ்கேனரைச் செருக இடமே இல்லாத வண்டி முன்னால் அவன் என்ன செய்வான்? பாயிண்ட் வைக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து வண்டி ஓட்டிப் போகும் தூரத்தில் இருக்கிறாரா என்பதைத் தெரிந்துகொள்ளாமல், ஃபியட்டா ஹெரால்டா என்று விவாதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்த விஷயத்தில் நம் நாட்டின் வரலாறு புதியவருக்கு ஒரு பெரிய உதவி செய்து வைத்திருக்கிறது, வேண்டுமென்று செய்த உதவி அல்ல என்றாலும். சுதந்திரத்துக்கு முன்பு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. 1953-இல் டாரிஃப் கமிஷன் இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும் இடம் என்ற கொள்கையை முன்வைத்ததும் இரண்டும் மூட்டை கட்டின. மிஞ்சியவை மூன்று: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. போட்டி இல்லை, இறக்குமதி இல்லை, வாங்குகிறவர் பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருந்தார். அப்படியிருக்க மாடலை மாற்ற யாருக்கு அவசரம்? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை எடுத்து ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கிய அம்பாசிடர், முன்வலையும் விளக்கும் மாறியதே தவிர அதே உடம்போடு 2014 மே மாதம்வரை வந்தது. இத்தாலியில் 1966-இலேயே ஓய்ந்துபோன ஃபியட் 1100டி-யின் உருவம், இங்கே பிரீமியர் பத்மினி என்ற பெயரில் நூற்றாண்டு முடியும்வரை ஓடியது. அன்று எரிச்சலூட்டிய இந்தத் தேக்கம் இன்று பழைய கார் வாங்குகிறவருக்கு வரம். எழுபதுகளின் வண்டிக்குத் தொண்ணூறுகளின் வண்டியிலிருந்து கழற்றியது பெரும்பாலும் பொருந்தும். ஒரே எஞ்சினைத் தன் தொழில் வாழ்க்கை முழுக்கப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகள் உலகத்தில் வேறெங்கும் இத்தனை பேர் உருவாகியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இந்த மூன்றில் புதியவருக்கு நான் முதலில் சொல்வது பத்மினியை. 1089 சிசி எஞ்சின், சுமார் நாற்பது குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம், முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை நுழைய இடம் இருக்கிறது. எது எதற்குப் போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து படிக்கலாம். நகரத்துச் சந்துக்குள் போகும், சின்ன வீட்டு வாசலிலும் நிற்கும். அம்பாசிடர் இன்னும் உறுதியானது, குடும்பத்தோடு போக வசதி. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள வண்டி கிடைத்தால் அதுவும் சரியே. ஆனால் அதன் நீளத்தையும் எடையையும் பவர் ஸ்டியரிங் இல்லாமல் திருப்பிப் பழகுவதற்குள் பலருக்குத் தோள் விட்டுப்போகிறது. இங்கே ஒரு ஆட்சேபம் எழும். பத்மினிக்குச் சாமான் கிடைத்ததே பம்பாய் டாக்சிகளால்தானே, கடைசி டாக்சியும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டதே என்று. உண்மைதான். தினமும் தேயும் ஆயிரக்கணக்கான வண்டிகள் இருந்தபோது புதுச் சாமான் செய்து விற்பது வியாபாரம். இன்று அது ஆர்வலர்களை மட்டும் நம்பியிருக்கிறது. அம்பாசிடருக்கும் இதே நாள் தூரத்தில் இல்லை: கல்கத்தாவில் டாக்சிக்குப் பதினைந்து வருட வரம்பு, கடைசி வண்டி பிறந்தது 2014-இல், கணக்கை யாரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை, இறுக்குகிறது. கடைகளில் சரக்கு குறையக் குறைய, இருக்கும் பாகத்தை மறுபடி சரிசெய்து ஓட்டத் தெரிந்தவரின் மதிப்பு ஏறும். தேய்ந்த வீல் சிலிண்டரைத் தூக்கி எறிந்து புதிதை மாட்டுகிறவரைவிட, அதற்குள் ஸ்லீவ் போட்டுக் காப்பாற்றுகிறவர் தேவைப்படுவார்.

ஹெரால்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நம் ஊர்க் கார் என்ற பாசம் வேறு இருக்கிறது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உருவம், 948 சிசி எஞ்சின், உடம்புக்குக் கீழே தனிச் சேஸிஸ், முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக மேலே தூக்கித் திறக்கும் பானெட். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம் என்று மெக்கானிக்குகள் விரும்பிய கார் அது. ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் எழுபதுகளிலேயே நின்றது. எண்பதுகளில் ரோவர் கார் ஒன்றின் உடலை வைத்துக் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. கம்பெனியும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடிவிட்டது. ஆக, ஹெரால்டு உற்பத்தி நின்று ஐம்பது வருடம் ஆகிறது, எண்ணிக்கையும் மற்ற இரண்டையும்விட மிகக் குறைவு. பொது விதிப்படி புதியவருக்கு இது வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் என் வரிசையை ஒப்புக்கொள்கிறவருக்கு விதி வேறு மாதிரி வேலை செய்யும். சென்னையிலோ கோவையிலோ ஹெரால்டை ஊறிப்போய்த் தெரிந்த ஒருவர் உங்களுக்குக் கிடைத்துவிட்டால், ஊரெல்லாம் கிடைக்கும் பத்மினியைவிட அவர் பார்த்துக்கொள்ளும் ஹெரால்டு சுலபமான கார். சுலபம், கஷ்டம் என்பது காரில் மட்டும் இருக்கும் குணம் அல்ல. அந்த ஊரில் அதைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. இதற்கு இலங்கையே சாட்சி. மோரிஸ் மைனரை இங்கிலாந்து 1948-இல் தொடங்கி எழுபதுகளின் ஆரம்பத்தில் நிறுத்தியது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இலங்கையில் அந்தக் கார் குடும்பங்களோடு ஒட்டிக்கொண்டது, அதைப் பழுதுபார்க்கும் கைகளும் பெருகின. விளைவு, தொண்ணூறுகளில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் தட்டி இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். பிறந்த ஊரில் அரிதாகிவிட்ட வேலை, வளர்ந்த ஊரில் நிலைத்துவிட்டது.

இது என்ன கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல இருக்கிறதே, பிடித்த காரை வாங்குவதற்குத்தானே இந்தப் பொழுதுபோக்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயன் கருதிப் பழைய கார் வாங்குகிறவர் யாரும் இல்லை. பயனுக்கு ஐந்து வருடப் பழைய ஹேட்ச்பேக் போதும். என் பதில் இது: பிடிப்பு என்பது ஓடும் வண்டியில்தான் வளர்கிறது. படத்தில் பார்த்த கான்டெஸ்ஸாவோ, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் கொண்டுவந்த பீட்டிலோ முதல் பார்வையில் மயக்கும். கதவுக் கைப்பிடி ஒன்றுக்காக ஆறுமாதம் தேடும்போது மயக்கம் தெளியும், வண்டியும் கைமாறும். முதல் கார் ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவே ஒரு பழக்கத்தை உண்டாக்கித் தர வேண்டும். எந்தச் சத்தம் சாதாரணம், எது ஆபத்து, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எதில் கை வைக்க வேண்டும் என்ற காதும் கணக்கும் வந்தபிறகு, இரண்டாவது காராக அந்தக் கான்டெஸ்ஸாவை எடுத்துக்கொள்ளட்டும். அரிதான வண்டிதான் விலை ஏறும், சாதாரண வண்டியில் பணம் போடுவானேன் என்ற இன்னொரு குரலும் உண்டு. முதல் பழைய காரை முதலீடு என்று நினைப்பவர் அதற்குப் பதில் தங்கம் வாங்கலாம். தங்கத்துக்கு டிங்கரிங் கிடையாது.

அதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஓடாத வண்டியை மலிவாக வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து நாமே கட்டினால்தானே கற்றுக்கொள்ள முடியும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. எஞ்சின் மட்டும் பழுது என்றால் நானும் சம்மதிப்பேன். போர் எடுத்து, புது பிஸ்டன், ரிங் போட்டு, கிராங்கைக் கடைந்து பேரிங் மாற்றுவது எல்லை தெரிந்த வேலை. பட்டறையில் விலைப்பட்டியல் கேட்டு வாங்கிவிடலாம். ஓடாத வண்டியில் உண்மையான எதிரி துரு. பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பும். தரைத் தகடும் கதவுக்குக் கீழ்ப் பெட்டிப் பட்டையும் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் அரித்துப்போனால் வண்டி தன் வடிவத்தையே இழக்கிறது. கடற்காற்று படும் ஊர்களில் இது மேலே தெரியாமலே உள்ளே நடக்கும். டிங்கரிங் வேலைக்கு எல்லை சொல்ல யாராலும் முடியாது. ஒரு தகட்டை வெட்டினால் அடுத்ததும் கையோடு வரும். பளபளக்கும் புதுப் பெயிண்டோடு விற்பனைக்கு நிற்கும் வண்டியைப் பார்த்தால் அதிகம் சந்தேகப்பட வேண்டும், மங்கிய பழைய பெயிண்டைப் பார்த்தால் கொஞ்சம் நிம்மதி கொள்ளலாம். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைச் சக்கர வளைவிலும் கதவின் அடிப்பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் மாறினால் அதுவும் ஒரு பதில். உடம்பு நன்றாக இருந்து எஞ்சின் புகைவிடும் வண்டி, எஞ்சின் நன்றாக ஓடி உடம்பு அரித்த வண்டியைவிட எப்போதும் மலிவு, விலை கூடச் சொன்னாலும்.

காகிதத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. தனியார் காருக்குப் பதிவு பதினைந்து வருடம். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாக எஃப்.சி. எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான மத்தியக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025-இல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. டெல்லி வட்டாரத்தில் பதினைந்து வருடம் கடந்த பெட்ரோல் கார்களுக்கு இருந்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்ததால் அங்கிருந்து மலிவு விலை வண்டிகள் தெற்கே வருகின்றன. அங்கே ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, என்.ஓ.சி. கிடைக்குமா என்பது தெளிவாகும்வரை அந்த மலிவு வெறும் தோற்றம். சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது. பழைய ஜீப்புகளில் ஒரு வண்டியின் காகிதமும் இன்னொரு வண்டியின் சேஸிஸும் சேர்ந்திருப்பது புதிதல்ல. ஐம்பது வருடம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் உள்ள வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய், பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள், பத்து வருடச் செல்லுபடி. ஏற்கெனவே எண் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம். கௌரவமான ஏற்பாடு. ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் அந்த வண்டி சாலைக்கு வரலாம், அன்றாட ஓட்டத்துக்கு அல்ல. ஓட்டிப் பழக வேண்டிய புதியவருக்கு அது பொருந்தாது. எண்பதுகளில் பிறந்து சாதாரணப் பதிவில் உயிரோடு இருக்கும் வண்டியே தோது.

அன்றாட ஓட்டம் என்றதும் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இந்தக் கார்களுக்கு ஏர்பேக் இல்லை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பழைய வண்டிகளில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய்ச் சுற்று. ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் மிதிக்கு எதிர்ப்பே இருக்காது, கைபிரேக் மட்டுமே மிச்சம். நாற்கரச் சாலையில் நூறில் போகும் வண்டிகளுக்கு நடுவே இதைக் கொண்டுபோவது எனக்கு உடன்பாடில்லை. ஊருக்குள்ளும் பழைய மாநிலச் சாலைகளிலும் அறுபதில் போவதற்கென்று பிறந்தவை இவை. பெட்ரோலும் மாறிவிட்டது. 2023 முதல் படிப்படியாக வந்து இன்று எங்கும் பரவிவிட்ட இருபது சதவீத எத்தனால் கலவை பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் சவ்வையும் ஊற வைத்துக் கெடுக்கும். நாள்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்க்கில் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுவது, கார்பரேட்டர் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்குவது, வாரம் ஒருமுறையாவது ஓட்டுவது என்று இதற்கெல்லாம் வழி உண்டு. எதைச் செய்வதற்கும் முதலில் சொன்ன ஆள் வேண்டும்.

கடைசியாக ஒரு குறும்பான கேள்வி மிச்சமிருக்கிறது. மெக்கானிக் கிடைப்பதுதான் அளவுகோல் என்றால் நேராக மாருதி 800 அல்லவா வாங்கச் சொல்ல வேண்டும்? அதைப் பழுதுபார்க்கத் தெரியாத பட்டறை இந்தியாவில் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நான் பின்வாங்கப் போவதில்லை: ஆமாம், தாராளமாக வாங்கலாம். 1983 டிசம்பரில் முதல் சாவி கைமாறிய கார் நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. அம்பாசிடர் பின்சீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் புதுக் கார். தொண்ணூறுகளில் பிறந்தவர்களுக்கு அதுதான் அப்பாவின் கார். 796 சிசியும் மூன்று சிலிண்டரும் முன்சக்கர ஓட்டமும் கொண்ட கார்பரேட்டர் 800 ஒன்றை, இந்த வித்தையைக் கற்க வரும் இளைஞருக்கு நான் பத்மினிக்குச் சமமாகவே சொல்வேன். ஆனால் அங்கேயும் ஆர்வலர்கள் விரட்டுவது 1983 முதல் 86 வரை வந்த பழைய உருவத்தை. அதன் விளக்கும் கண்ணாடியும் பின்கதவும் 86-க்குப் பின் வந்த வண்டிகளுடையவை அல்ல, இப்போது தேடினால் கிடைப்பதும் அரிது. அடுத்து வந்த உருவமோ 2014 ஜனவரிவரை பெரிய மாற்றமில்லாமல் தயாரானது. முதல் கார் வாங்குகிறவர் அந்த இரண்டாம் உருவத்தில், ஒரே குடும்பம் வைத்திருந்த, தரைத் தகடு அழியாத, எஃப்.சி. நடப்பில் உள்ள தொண்ணூறுகளின் வண்டி ஒன்றைப் பார்க்கட்டும். வாங்கியதும் மியூசிக் சிஸ்டம் கடைக்குப் போகாமல், பிரேக் ஹோஸ்களையும் பெட்ரோல் குழாய்களையும் மாற்றுவதற்கு மெக்கானிக்கிடம் போகட்டும்.